குறிப்பேடும் கையுமாகக் கொரிய அரசவைத் தொடர்களைப் பார்ப்பது எப்படி

கொரிய வரலாற்றுத் தொடரொன்றில் ஓர் அரசி நஞ்சுக் கிண்ணத்தைக் கையில் ஏந்துகிறாள். நமக்குத் தொண்டை அடைக்கிறதா, அல்லது ‘இவளுக்கு இது வேண்டும்’ என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி எழுகிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த அரசி செய்த செயல்களல்ல. அதுவரை வந்த நாற்பது ஐம்பது பகுதிகளில் கேமரா யாருடைய அறையில் குடியிருந்தது என்பதுதான். கொரியர்கள் ‘சாகுக்’ என்று அழைக்கும் இந்தத் தொடர்களைப் பார்த்து அழவும் கோபப்படவும் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் எதற்காக அழுதோம், யார் சொல்லிக் கோபப்பட்டோம் என்று பிறகு திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் முறையைக் கீழே விளக்குகிறேன். தேவையான பொருட்கள் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் மட்டுமே.

முதல் வேலை, காலத்தைத் தேர்ந்தெடுப்பது. 1392-இல் தொடங்கி 1897-இல் தன்னைப் பேரரசு என்று அறிவித்துக்கொள்ளும் வரை கொரியாவின் ஜோசன் அரசு ஐந்து நூற்றாண்டுகள் நீடித்தது. கண்ணில் பட்ட தொடரையெல்லாம் வரிசையின்றிப் பார்த்தால், இந்த ஐந்து நூற்றாண்டுகளும் ஒரே சிவப்பு அங்கியும் ஒரே சதியுமாகக் குழம்பிவிடும். எனவே ஒரே குடும்பத்தின் கதையைப் பல தொடர்கள் சொல்லியிருக்கும் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை, சுக்ஜொங் அரசர் முதல் ஜொங்ஜோ அரசர் வரையிலான காலம். நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வம்சாவளியை எழுதிவிடுங்கள்: சுக்ஜொங் 1674 முதல் 1720 வரை ஆண்டார். துணைவி ஜாங் ஹீபின் மூலம் அவருக்குப் பிறந்த கியொங்ஜொங் 1724 வரை நான்கே ஆண்டுகள் ஆண்டார். இன்னொரு துணைவி சோய் சுக்பின் மூலம் பிறந்த யொங்ஜோ 1776 வரை ஆண்டார். யொங்ஜோவின் மகன் சாடோ பட்டத்து இளவரசராக இருந்தும் அரியணை ஏறவில்லை. 1762-இல் தந்தையின் ஆணைப்படி அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, எட்டாம் நாள் இறந்தார். அந்தச் சாடோவின் மகன்தான் 1776 முதல் 1800 வரை ஆண்ட ஜொங்ஜோ. இயற்பெயர் யி சான்.

இந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டால் நான்கு தொடர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். 2010-இல் வந்த ‘தோங் யி’ (60 பகுதிகள்) சோய் சுக்பினை நாயகியாகக் கொண்டது. 2013-இல் வந்த ‘ஜாங் ஓக்-ஜொங்’ (24 பகுதிகள்) அவருடைய எதிரியான ஜாங் ஹீபினையே நாயகியாக்கியது. 2007-இல் தொடங்கிய ‘யி சான்’ (77 பகுதிகள்), 2021 நவம்பரில் தொடங்கி 2022 ஜனவரி 1 அன்று முடிந்த ‘தி ரெட் ஸ்லீவ்’ (17 பகுதிகள்) ஆகிய இரண்டும் ஜொங்ஜோவையும் அவர் விரும்பிய சொங் தோக்-இம் என்ற பெண்ணையும் பற்றியவை. வெளிவந்த வரிசைப்படி பார்க்க வேண்டும் என்று நினைத்து எழுபத்தேழு பகுதிகளில் மூழ்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். குறுகியதான ‘தி ரெட் ஸ்லீவ்’ தொடரில் தொடங்குவதே நல்லது.

பார்க்கும் வேகத்தைப் பற்றி ஒரு சொல். இவை கொரியத் தொலைக்காட்சியில் வாரத்துக்கு இரண்டு பகுதிகள் வீதம் ஒளிபரப்பானவை. ஒவ்வொரு பகுதியின் கடைசி நிமிடமும் அடுத்த நாளோ அடுத்த வாரமோ வரை நம்மைத் தவிக்கவிடுவதற்காகவே எழுதப்பட்டது. அந்தத் தவிப்புக்கு இடமே கொடுக்காமல் ஒரே இரவில் ஆறு பகுதிகளை முடிப்பவருக்கு மிஞ்சுவது கண் எரிச்சல் மட்டுமே. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இனி நோட்டு. பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்து, முதலாவதற்குக் ‘கண்டது’ என்றும், இரண்டாவதற்கு ‘உணர்ந்தது’ என்றும், மூன்றாவதற்குப் ‘பதிவில் உள்ளது’ என்றும் தலைப்பிடுங்கள். முதல்முறை பார்க்கும்போது மூன்றாம் பத்தி காலியாகவே இருக்க வேண்டும். தொடரின் நடுவே செல்பேசியை எடுத்து ‘இவள் கடைசியில் இறப்பாளா’ என்று தேடுவது, சமைத்துக்கொண்டிருக்கும்போதே ரசத்தில் கை விடுவது போன்றது. காட்சியை நிறுத்தியும் எழுத வேண்டாம். பகுதி முடிந்து பத்து நிமிடத்துக்குள் எழுதினால் போதும். ‘அருமை’, ‘மோசம்’ போன்ற சொற்களை இரண்டாம் பத்தியில் சேர்க்காதீர்கள். அவற்றைப் பிறகு படிக்கும்போது எதுவும் நினைவுக்கு வராது. யார்மீது, எந்த நொடியில், என்ன உணர்ச்சி என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். என் நோட்டில் ‘தி ரெட் ஸ்லீவ்’ பக்கத்தில் இருக்கும் ஒரு வரி இது: “அவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகும் தோக்-இம் மறுக்கிறாள், எனக்கு அவள்மேல் எரிச்சல்.” பிறகு இந்த வரிக்கே மீண்டும் வருவோம். இப்போது படிக்க எனக்கே கூச்சமாக இருக்கும் வரி அது.

முதல் பத்தியை நிரப்புவதற்குக் கண் சற்றுப் பழக வேண்டும். வசனத்தில் சொல்லாததை உடையும் தலைமுடியும் சொல்லிவிடுகின்றன. மணமாகாத பெண்ணின் கூந்தல் முதுகில் ஒற்றைப் பின்னலாகத் தொங்கும். மணமானதும் அது பிடரியில் கொண்டையாகி, குறுக்கே ஒரு நீண்ட ஊசி செருகப்படும். இரண்டு காட்சிகளுக்கு இடையில் பின்னல் கொண்டையாக மாறியிருந்தால், ஒரு வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று பொருள். நமக்குத் தாலியைப் போல, கொரியப் பார்வையாளருக்கு அந்தக் கொண்டை. ஆண்களுக்கு உச்சிக்குடுமியும் அதன்மேல் அணியும் கறுப்புத் தொப்பியும் அதே வேலையைச் செய்கின்றன. அரசரின் சிவப்பு அங்கியையும் இளவரசரின் கருநீல அங்கியையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால், அவையில் யார் முன் யார் தலை குனிய வேண்டும் என்பதற்கு வசனமே தேவைப்படாது.

காதையும் திறந்து வையுங்கள். தமிழ் மொழிமாற்றத்திலோ ஆங்கிலத் துணையெழுத்திலோ பெரும்பாலும் ‘அரசே’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் விளிகளுக்குக் கொரிய மொழியில் பல படிகள் உண்டு. ஜோசன் அரசரை ‘ஜொன்ஹா’ என்றுதான் அழைப்பார்கள். பேரரசருக்கு உரிய ‘ப்யேஹா’ என்ற விளியை, 1897-இல் கோஜொங் அரசர் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொள்வதற்குச் சற்று முன்பிருந்துதான் கேட்க முடியும். அதற்கு முன் அந்த உயர்ந்த விளி சீனப் பேரரசருக்கு உரியதாகக் கருதப்பட்டது. ஆகவே பிற்காலக் கதையொன்றில் ‘ப்யேஹா’ என்ற சொல் காதில் விழுந்தால், ஒரு சிறிய நாட்டின் தன்மானம் முழுவதும் அந்த இரண்டு அசைகளில் நிற்கிறது. அரசியைப் பணிப்பெண்கள் ‘ஜுங்ஜொன் மாமா’ என்று அழைப்பதைக் கேட்டு எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ‘மாமா’ அரச குடும்பத்தாருக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சேர்க்கப்படும் மரியாதை விகுதி. அரசரின் பிள்ளைகள் தந்தையை ‘அபாமாமா’ என்றுகூட அழைப்பார்கள். இன்றைய கொரியப் பேச்சில் உள்ள ‘அப்பா’, ‘ஒம்மா’ ஆகிய சொற்களின் ஒலி ஒற்றுமை நம்மை மகிழ்விக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மொழிகளுக்கும் உறவு கட்டிவிட வேண்டாம்.

தொடர் முழுவதும் முடிந்த பிறகு மூன்றாம் பத்திக்கு வாருங்கள். ஜோசன் வரலாற்றைச் சரிபார்ப்பதற்கு உலகில் வேறு எங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. 1392 முதல் 1863 வரையிலான 472 ஆண்டுகளின் அரசாட்சிக் குறிப்புகள் ‘ஜோசன் அரசமரபின் மெய்ப்பதிவேடு’ என்ற பெயரில் 1,893 தொகுதிகளாக நமக்குக் கிடைக்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. கொரிய அரசின் வரலாற்று நிறுவனம் மூலத்தையும் நவீன கொரிய மொழிபெயர்ப்பையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு ஒரு பெயரையோ ஆண்டையோ தேடிப் படித்துவிடலாம். அவையில் அமர்ந்து குறிப்பெடுத்த வரலாற்று அலுவலர்களின் வரைவைப் படிக்க அரசருக்கே உரிமை இல்லை. 1404-இல் மான் வேட்டையின்போது தேஜொங் அரசர் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, ‘இதை வரலாற்று அலுவலருக்குத் தெரியவிடாதீர்கள்’ என்றார். அவர் விழுந்ததும், தெரியவிடாதீர்கள் என்று சொன்னதும், இரண்டுமே பதிவேட்டில் ஏறிவிட்டன.

ஆனால் எல்லாவற்றுக்கும் அங்கே விடை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அரண்மனைப் பெண் மருத்துவர் ஒருவரைப் பற்றிய ‘தே ஜாங் கும்’ தொடரின் 54 பகுதிகளுக்கும் விதையாக இருந்தவை, ஜுங்ஜொங் அரசரின் காலப் பதிவில் ஆங்காங்கே வரும் சில வரிகள்தாம். ‘என் நோய் அந்தப் பெண் மருத்துவருக்குத் தெரியும்’ என்று அரசர் சொன்னது அவற்றுள் ஒன்று. சமையற்கட்டுப் போட்டிகளும் காதலும் எழுத்தாளரின் கற்பனை. இதைக் குறையாகக் கருதத் தேவையில்லை. எது விதை, எது மரம் என்று மூன்றாம் பத்தியில் பிரித்து எழுதினால் போதும்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். சொங் என்ற அந்தப் பெண் 1786-இல் இறந்தபோது ஜொங்ஜோ தாமே கல்லறைக் குறிப்பை எழுதினார். இளவரசராக இருந்தபோது தம் துணைவியாகும்படி தாம் முதன்முதலில் கேட்டதையும், இளவரசரின் மனைவிக்கு இன்னும் பிள்ளை இல்லை என்று சொல்லி அவள் அழுது மறுத்ததையும், பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோது மீண்டும் மறுத்ததையும் அவர் அதில் பதிவுசெய்திருக்கிறார். ஓர் அரசன் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தான் என்று இங்கேயே நிறுத்திக்கொண்டால் அது ஒரு காதல் காவியம். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அதன்பின் அவளுடைய பணியாட்களை அவர் தண்டித்தார், அதற்குப் பிறகே அவள் பணிந்தாள். அரண்மனைப் பணிப்பெண்கள் அனைவரும் அரசருக்கு உரியவர்களாகக் கருதப்பட்ட இடத்தில், அவர்கள் வேறொருவரை மணக்க முடியாத நிலையில், மறுப்பு ஒன்றே அவளிடம் எஞ்சியிருந்த சொந்தப் பொருள். அதை அவள் விட்டுக்கொடுக்காததற்குத்தான் நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். தொடரை எழுதியவர்கள் இதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள் என்பது இரண்டாம் முறை பார்த்தபோது புரிந்தது: மறுபிறவியில் தன்னைக் கண்டால் தெரியாதவர்போலக் கடந்துபோய்விடும்படி அவள் சாகும் தறுவாயில் அவரிடம் வேண்டுகிறாள். முதல்முறை அந்த இடத்தில் அவருக்காக அழுதேன். இரண்டாம் முறை அவளுக்காக. ‘யி சான்’ தொடரில் அதே பெண் ஓவியக்கூடத்தில் பணிபுரிகிறாள். அவளுடைய தயக்கம் அங்கே இந்த அளவுக்குக் கதையின் மையமாகவில்லை. இரண்டையும் பார்த்தவர்கள் தங்கள் இரண்டாம் பத்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான சொங், 1773-இல் அரண்மனைப் பெண்கள் சேர்ந்து படியெடுத்த ஒரு நீண்ட நாவலின் சில பக்கங்களைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அவளுடைய கையெழுத்து இன்றும் இருக்கிறது.

பயிற்சியின் கடினமான பகுதி, கேமராவின் இடத்தை மாற்றிப் பார்ப்பது. ‘தோங் யி’ தொடரை முடித்துவிட்டு ஒரு மாதம் இடைவெளி விட்டு ‘ஜாங் ஓக்-ஜொங்’ பாருங்கள். முதலாவதில் ஜாங் ஹீபின் புன்னகைத்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டாவதில் மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த, பிறப்பால் தாழ்த்தப்பட்ட, ஆடை தைக்கும் திறன் வாய்ந்த ஒரு பெண் அரசனை நேசித்த குற்றத்துக்காக நொறுங்குகிறாள். பிறகு பதிவேட்டைத் திறந்தால், சுக்ஜொங்கின் அரசி இன்ஹியொன் 1689-இல் நீக்கப்பட்டதும், 1694-இல் மீண்டும் அரசியானதும், 1701-இல் அவர் இறந்த சில வாரங்களில் அவருக்குச் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி ஜாங்கின் உயிரைப் போக்கியதும் வரிசையாக வருகின்றன. திரையில் நாம் காணும் நஞ்சுக் கிண்ணத்துக்கு மாறாக, பதிவில் உள்ள ஆணை அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பது. அந்தப் பதிவும் நடுநிலையில் இருந்து எழுதப்பட்டதல்ல: சுக்ஜொங் காலத்துப் பதிவேடு 1728-இல், யொங்ஜோவின் ஆட்சியில், அதாவது ஜாங்கின் போட்டியாளர் பெற்ற மகனின் ஆட்சியில்தான் முடிக்கப்பட்டது. மூன்றாம் பத்தியிலும் ஒரு கேமரா இருக்கிறது. அது எங்கே நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

கொரியப் பார்வையாளர்களின் கோபத்தை நம் கோபத்தோடு கலந்துவிடவும் கூடாது. 2021-இல் ஒரு பேய் விரட்டும் கதையில் தேஜொங் அரசரைச் சித்திரித்த விதத்துக்கும், ஜோசன் காட்சியில் சீனப் பாணி உணவுகளை வைத்ததற்கும் எழுந்த எதிர்ப்பால், ‘ஜோசன் எக்ஸார்சிஸ்ட்’ தொடர் இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அந்தத் தட்டில் இருந்த பண்டங்கள் நம் கண்ணுக்கு வெறும் தின்பண்டங்கள். அது நமக்கு ஏன் உறைக்கவில்லை என்பதுதான் நாம் எழுத வேண்டிய குறிப்பு.

என்றாவது சியோலுக்குப் போக வாய்த்தால், அரண்மனைகளைப் பார்த்த கையோடு பக்கத்திலுள்ள கோயாங் நகரின் சொஓருங் கல்லறைத் தோப்புக்கும் போய்வாருங்கள். சுக்ஜொங்கும் இன்ஹியொனும் அருகருகே அடங்கியிருக்கும் இரட்டை மேடுகள் அங்கே இருக்கின்றன. வேறோரிடத்தில் இருந்த ஜாங் ஹீபினின் கல்லறையும் 1969-இல் அதே தோப்புக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டது. போகும்போது நோட்டில் அந்த இரண்டு தொடர்களுக்கான பக்கங்களையும் எடுத்துப் போங்கள். மூன்று மேடுகளுக்கும் இடையே நடந்தபடி படிக்கலாம்.