டெலிகாம் அப்ளிகேஷனை எந்த சர்வருக்கும் மாற்றிக்கொள்ளும்படி எழுதுவது எப்படி?

"ஸ்டாண்டர்டுபடிதானே எழுதியிருக்கோம் அண்ணா, அப்புறம் ஏன் வேற சர்வர்ல ஏத்தினா ஓட மாட்டேங்குது?" பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு கம்பெனிகளில் டெலிகாம் வேலைக்குச் சேரும் நம்ம ஊர் ஆட்கள் எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்பார்கள். ஸ்டாண்டர்டு சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டால் பாதி வேலைதான் முடியும். அது வாய் திறக்காத இடங்களில் ஒவ்வொரு சர்வர்க்காரரும் தனக்குத் தோன்றியதைச் செய்து வைத்திருப்பார், நம் புரோகிராம் கோடு மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஆக, அந்த இடங்கள் எவை என்று முதலிலேயே தெரிந்துகொண்டு எழுதுவதுதான் விஷயம்.

உதாரணத்துக்கு அல்சூரில் ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். போன் செய்தால் கன்னடத்துக்கு 1, தமிழுக்கு 2, இந்திக்கு 3 என்று கேட்டு, அந்த மொழி பேசும் ஆளுக்கு லைன் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எந்த ஸ்டாண்டர்டு என்று முடிவு செய்யுங்கள். அழைப்பை ஏற்படுத்தவும் துண்டிக்கவும் எஸ்ஐபி என்ற நெறிமுறை, அதாவது 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இன்டர்நெட் ஸ்டாண்டர்டு ஆவணம். அதை ஜாவாவில் கையாள எஸ்ஐபி சர்வ்லெட், 2008இல் வந்த ஜேஎஸ்ஆர் 289 என்ற ஜாவா ஸ்டாண்டர்டு. குரல் மெனு மட்டும் போதும் என்றால் வெப் ஸ்டாண்டர்டுகளை வகுக்கும் டபிள்யூ3சி 2004இல் வெளியிட்ட வாய்ஸ்எக்ஸ்எம்எல் 2.0. ஜெயின் ஸ்லீ என்று ஒன்று இருக்கிறது, எஸ்எஸ்7 மாதிரி பழைய நெட்வொர்க்கோடும் பேச வேண்டிய பெரிய சர்வீஸ்களுக்கு அது சரி, ஆனால் ஒரு கிளினிக் மெனுவுக்கு அதை எடுப்பது தேவையில்லாத தலைவலி. இங்கே எஸ்ஐபி சர்வ்லெட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து புரோகிராம் கோடை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த பட்டன் அழுத்தினால், எத்தனை மணிக்கு, யாருக்கு லைன் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் பகுதி சாதாரண ஜாவா கிளாஸாக இருக்கட்டும், அதற்குள் சர்வ்லெட் பேக்கேஜை இம்போர்ட் செய்யும் வரி ஒன்றுகூட வரக்கூடாது. வந்தால் பில்டு உடைகிற மாதிரி ஒரு சின்ன செக் போட்டுவிடுங்கள். "எல்லோரும் கவனமா இருங்க" என்று மீட்டிங்கில் சொல்வதெல்லாம் இரண்டு வாரத்துக்குத் தாங்காது.

செஷன் விஷயத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். ஜேஎஸ்ஆர் 289இல் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் அப்ளிகேஷன் செஷனின், அதாவது ஒரு அழைப்பைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் தகவலின் ஆயுள் 3 நிமிடம். டெவலப்பர் டெஸ்ட் செய்யும் அழைப்பு (கால்) அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரியே தெரியும். ஆனால் நோயாளி தன் முட்டிவலிக் கதையைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு போனை வைக்கும்போது, அழைப்பை முடிக்கும் பை (BYE) மெசேஜைக் கையாள வேண்டிய செஷன் எப்போதோ காலாவதியாகியிருக்கும். டைம்அவுட்டை டிப்ளாய்மென்ட் ஃபைலில் வெளிப்படையாக எழுதுங்கள், செஷன் காலாவதியாகும்போது சர்வர் கூப்பிடும் லிசனரில் அழைப்பு இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து நீட்டித்துக்கொள்ளுங்கள். செஷனில் வைக்கும் எல்லாமே சீரியலைசபிளாக, அதாவது பைட்டுகளாக்கி வேறு மெஷினுக்கு அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்டாட்டிக் ஹேஷ்மேப்பில் எதையும் போட்டு வைக்காதீர்கள், ஏனென்றால் பல மெஷின்கள் சேர்ந்த கிளஸ்டரில் அடுத்த மெசேஜ் வேறு மெஷினுக்கு வரலாம். சொந்தமாக த்ரெட் கிளப்பவும் வேண்டாம், ஸ்டாண்டர்டிலேயே டைமர் சர்வீஸ் இருக்கிறது. ஒரே செஷனை இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி 289 கிட்டத்தட்ட எதுவுமே சொல்லவில்லை, ஒவ்வொரு சர்வரும் அதற்குத் தனியாக ஒரு வழி வைத்திருக்கும். அந்த வழியைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் சர்வ்லெட்டோடு பேசும் வெளி அடுக்கிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டன் அழுத்தம், அதாவது டிடிஎம்எஃப். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் ஒருவர் 2 அழுத்தியது மூன்று விதமாக வரலாம்: குரலோடு கலந்த ஒலியாக, ஆர்எஃப்சி 4733 சொல்லும் தனி ஆர்டிபி (குரலைக் கொண்டுசெல்லும் நெறிமுறை) பாக்கெட்டாக, அல்லது எஸ்ஐபி இன்ஃபோ மெசேஜாக. 4733 வழியில், பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் பேலோடு எண் பெரும்பாலும் 101 என்று வருவதால் அதையே கோடில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது 96 முதல் 127 வரை எதுவாகவும் இருக்கலாம், அழைப்பின் தொடக்கத்தில் வரும் எஸ்டிபி என்ற விவரக் குறிப்பில் எதிர்முனை என்ன சொல்கிறதோ அதைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று: அழுத்தம் முடிந்தது என்று சொல்லும் கடைசி பாக்கெட், வழியில் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று முறை அனுப்பப்படும். ஆர்டிபியை நீங்களே படிக்கிறீர்கள் என்றால், டைம்ஸ்டாம்ப்பைப் பார்த்து ஒன்றாகச் சேர்க்காவிட்டால் 2 என்பது 222 ஆகிவிடும், தமிழ் கேட்டவர் அந்தரத்தில் தொங்குவார். எந்த வழியில் வந்தாலும் உள்ளே "பட்டன் 2 வந்தது" என்ற ஒரே நிகழ்வாக மாற்றித்தரும் ஒரு அடாப்டரை எழுதிவிட்டால், சர்வர் மாறும்போது அதை மட்டும் தொட்டால் போதும்.

எண்களையும் வாசலிலேயே சரி செய்யுங்கள். ஒரே பெங்களூரு லேண்ட்லைன் ஒரு டிரங்கில் (போன் கம்பெனியிலிருந்து வரும் இணைப்பில்) 080 என்றும், இன்னொன்றில் +9180 என்றும், வேறொன்றில் பிளஸ் இல்லாமலும் வரும். உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் ஈ.164 என்ற சர்வதேச எண் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டாவது சர்வர். புராஜெக்ட் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், முதல் வாரத்திலேயே வேறொருவர் எழுதிய ஓப்பன் சோர்ஸ் சர்வர் ஒன்றை நிறுவி, ஒவ்வொரு பில்டையும் இரண்டிலும் ஓட்டுங்கள். டெஸ்டுக்கு எஸ்ஐபிபி இலவசமாகக் கிடைக்கிறது, காட்சிகளை எக்ஸ்எம்எல்லில் எழுதிக் கொடுத்தால் அதுவே கால் போடும். நல்லபடி முடியும் கால்களை இரண்டு சர்வரும் ஒரே மாதிரிதான் கையாளும், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எதிர்முனை பதிலே சொல்லாத கால் ஒன்று எழுதுங்கள்: வழக்கமான டைமர்படி 32 விநாடியில் 408, அதாவது "நேரம் முடிந்தது" என்ற பிழை வர வேண்டும். அப்புறம், அழைத்தவர் பொறுமையிழந்து வைக்கிற அதே நொடியில் கிளினிக்கில் போனை எடுக்கிற கால். அழைப்பை ரத்து செய்யும் உங்கள் கேன்சல் போய்ச் சேருவதற்குள் எதிரே போனை எடுத்ததைச் சொல்லும் 200 ஓகே கிளம்பிவிட்டிருக்கும். அப்போது அது கிடைத்தது என்று சொல்லும் ஏக் (ACK) அனுப்பி, உடனே பை அனுப்ப வேண்டும். இதை அப்ளிகேஷன் செய்கிறதா, சர்வர் செய்கிறதா, இல்லை இருவருமே செய்யாமல் வரவேற்பாளர் வெறும் போனில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதை இரண்டு சர்வரின் பாக்கெட்டுகளையும், நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் அருகருகே திறந்து வைத்துப் பாருங்கள்.