உருமாறுவதற்கு முன் ஒரு பழைய ஆலையைப் பார்வையிடுவது எப்படி?

கைவிடப்பட்ட ஆலை ஒன்றுக்குப் புது வாழ்வு தரப்படும்போது சுவர்களும் புகைபோக்கியும் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. உள்ளே நடந்த வேலையின் தடயங்களே முதலில் மறைகின்றன. லண்டனில் 1981இல் உற்பத்தியை நிறுத்திய பேங்க்சைடு மின்நிலையம் 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டபோது, டர்பைன் கூடத்தின் பெயரும் பிரமாண்டமும் எஞ்சின, டர்பைன்கள் எஞ்சவில்லை. ஆகவே இடிப்பு எந்த நாளில் என்று கேட்பதைவிட, உள்ளிருக்கும் பொருட்களைப் பிரித்தெடுக்கும் பணி என்று தொடங்கும் என்று விசாரிப்பதே பயன்தரும்.

உரிமையாளரிடமோ, கட்டடம் ஒப்பந்ததாரர் வசம் போயிருந்தால் அவரிடமோ, எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், படங்களை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்பதைக் கடிதத்திலேயே தெளிவாக்கிவிட்டால் மறுப்பு வருவது குறையும். ஆஸ்பெஸ்டாஸ் என்ற, மூச்சில் புகுந்தால் கேடு தரும் இழைக் கனிமம் கட்டடத்தில் எங்கெங்கே உள்ளது என்று காட்டும் ஆய்வறிக்கை இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். வேலி தாண்டிக் குதிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, எந்தத் தளம் உளுத்துப்போயிருக்கிறது என்பது அந்த இடத்தின் காவலாளிக்குத் தெரியும், குதித்தவருக்குத் தெரியாது.

உள்ளே மிக அஞ்ச வேண்டியவை கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாதவை. நீராவிக் குழாய்களைச் சுற்றிய பழைய வெப்பக்காப்பு உறைகள் உதிரும்போது பறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் உண்டாக்கும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும் என்பதால், அன்று இருமல் வரவில்லை என்பது ஆறுதலாகாது. துணி முகக்கவசம் இதற்கு உதவாது, நுண்துகள்களை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 என்ற ஐரோப்பியத் தரமுள்ள, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் கவசம் வேண்டும். புறா எச்சம் குவிந்த அறைகளிலும் அதைக் கழற்றாதீர்கள். மூடிக்கிடந்த தொட்டிகள், நிலவறைகள், குழிகள் ஆகியவற்றுக்குள் ஒருபோதும் இறங்காதீர்கள்: துருப்பிடிக்கும் இரும்பே காற்றின் ஆக்சிஜனை உண்டுவிடும், வழக்கமாக 20.9 சதவீதம் இருக்க வேண்டிய அது குறைந்திருப்பதை மூக்கு காட்டிக்கொடுக்காது. மேல்தளங்களில் உத்திரங்கள் ஓடும் வரிசையை ஒட்டி நடப்பது பலகைகளின் நடுவே நடப்பதைவிட நல்லது என்றாலும், ஈரம் ஊறிய மரத்தளத்தை முற்றிலும் தவிர்ப்பதே விவேகம். கூரைத் தகடுகள் மீது கால்வைக்கவே கூடாது. ஆணி ஏறாத அடிப்பகுதியுள்ள காலணி, இரண்டு டார்ச், உடன்வர ஒருவர், திரும்பும் நேரம் தெரிந்த இன்னொருவர் வெளியே: இவை இல்லாமல் புறப்படாதீர்கள்.

போவதற்கு முன் அங்கே என்ன உற்பத்தியானது, மூலப்பொருள் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் சரக்காக வெளியேறியது என்பதைப் பழைய வரைபடங்களிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் தரை பேசத் தொடங்கும். வரிசையாக நிற்கும் போல்ட் துண்டுகளும் எண்ணெய்க் கறைகளும் இயந்திரங்கள் நின்ற இடத்தையும், அவற்றினிடையே தேய்ந்து வழுவழுப்பான பாதை தொழிலாளர் நடந்த வழியையும் காட்டும். உத்திரங்களில் தொங்கும் தாங்கிகள், ஒரே நீராவி எஞ்சின் நீண்ட தண்டு, கப்பி, பெல்ட் வழியாகக் கூடம் முழுவதையும் இயக்கிய காலத்தின் மிச்சமாக இருக்கலாம். ரம்பப்பல் போன்ற கூரையின் கண்ணாடிகள், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நாடுகளில், பெரும்பாலும் வடதிசையைப் பார்த்திருக்கும்; நேர்வெயில் படாமல் நாள் முழுதும் சீரான வெளிச்சம் கிடைக்கவே அந்த ஏற்பாடு.

படம் எடுப்பதில் ஒரு கருத்து வேறுபாடு எனக்கு உண்டு: இடிபாட்டின் அழகை மட்டும் தேடும் படங்கள் எந்த ஆலையிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் தொழிற்கட்டுமானங்களை மேகமூட்டமான ஒளியில், நேர்முகமாக, நிழலின்றிப் பதிவு செய்த முறை நமக்கு அதிகம் உதவும். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் எடுங்கள்; இயந்திரங்களின் பெயர்ப்பலகை, சுவரில் எழுதிய எண்கள், ஷிப்ட் நேரப் பட்டியல் ஆகியவற்றை அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து எடுங்கள்; எதையும் கழற்றி எடுத்துவராதீர்கள்.

வெளியே வந்ததும் மேலாடையை உதறாமல் நனைத்துக் கழற்றிப் பையில் கட்டி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் வையுங்கள். எந்தப் படம் எந்த அறை என்பதை அன்றிரவே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் எல்லாத் துருவும் ஒரே துருவாகத் தோன்றும்.