உள்ளங்கால் சர்க்கரைப் புண்ணுக்கு வீட்டுலயே கட்டு மாத்துறது எப்படி? (காஸ் துணியை நல்லா பிழியுங்க)

அப்பாவுக்கு ஏற்காட்டுல எஸ்டேட் வேலை. போன காபி பழம் பறிக்கிற சீசன்ல செருப்புல இருந்த ஆணி உள்ளங்கால்ல ஏறியிருக்கு, கட்டைவிரலுக்கு நேர் கீழ. சுகர் இருக்கிறதால கால் மரத்துப்போய் அவருக்கு ஒண்ணுமே தெரியல. சாயங்காலம் சிமெண்ட் தரையில ரத்தக்கறையைப் பாத்துட்டு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க, கண்டுபிடிச்ச கையோட காபித்தூளை வச்சு அமுக்கிட்டாங்க. எங்க ஊர்ல எல்லா வீட்லயும் அதான் முதல் வைத்தியம். நாலாவது நாள் தொடை இடுக்குல நெறி கட்டி காய்ச்சல் வந்தப்புறம்தான் எனக்கு போன் வந்துச்சு. சேலத்துக்கு இறக்கிட்டு வந்து அட்மிட் பண்ணி, அழுகின சதையை வெட்டி எடுத்து, தினமும் கட்டு மாத்தணும்னு சொல்லி அனுப்பினாங்க. காலை ஊனவே கூடாதுங்கிற மனுஷனை கட்டு மாத்த தினமும் 20 கொண்டை ஊசி வளைவுல ஏத்தி இறக்க முடியுமா? நான் நர்ஸ், லீவு போட்டு மூணு நாள் நானே பண்ணேன், அப்புறம் தம்பி பொண்டாட்டிக்கு சொல்லிக் கொடுத்தேன், இப்ப அவ என்னைவிட நல்லா பண்றா. அவளுக்கு வீடியோ கால்ல சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். இது டாக்டர் பாத்துட்டு வீட்டுலயே கட்டு மாத்திக்கலாம்னு சொன்ன புண்ணுக்கு மட்டும். கறுத்துப்போன சதை, நாத்தம், உள்ள எலும்பு தட்டுப்படுறது, காய்ச்சல், சுத்தி சிவப்பு பரவுறது, இதுல எது இருந்தாலும் இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு கிளம்புங்க.

வாங்க வேண்டியது

100 மில்லி நார்மல் சலைன் (கிருமி இல்லாத உப்புத் தண்ணி) பாட்டில், காஸ் துணி (புண்ணுல வைக்கிற வலை மாதிரி மெல்லிசு துணி), பேடு, ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் பிளாஸ்டர், கிளவுஸ், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச், வேஸ்லின். சலைன் 500 மில்லி பாட்டில் லாபம்னு மெடிக்கல்ல சொல்லுவாங்க, வாங்காதீங்க. திறந்தா 24 மணி நேரத்துக்கு மேல வச்சுக்கக் கூடாது, வீட்ல மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனசு வராது, மறுநாளும் அதையேதான் ஊத்துவோம். ஒரு கட்டுக்கு ஒரு சின்ன பாட்டில், அதான் சரி. ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டவே வேண்டாம். நுரை வந்தா அழுக்கு வெளிய வருதுன்னு நம்புறாங்க, நம்ம ரத்தத்துலயும் சதையிலயும் இருக்கிற ஒரு என்சைம் பட்டாலே அது நுரைக்கும், புதுசா வளர்ற சதையும் சேந்து கெடும். ஸ்பிரிட்டும் அப்படித்தான். பெட்டாடின் டாக்டர் எழுதியிருந்தா போடுங்க, மத்தபடி சிவப்பா சதை வளர ஆரம்பிச்ச புண்ணுல நான் ஊத்துறதில்ல.

பழைய கட்டைப் பிரிக்கிறது

வளையல், மோதிரம் கழட்டிட்டு சோப்பு போட்டு கை கழுவி கிளவுஸ் போடுங்க. பிளாஸ்டரை வெடுக்குனு இழுக்காம ஒரு விரலால தோலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உரிங்க. உள்ள காஸ் ஒட்டியிருந்தா சலைன் ஊத்தி அஞ்சு பத்து நிமிஷம் ஊற விடுங்க. வலிக்குதாப்பான்னு கேட்டு பிரயோஜனம் இல்ல, அவருக்கு தெரியாது, அதனால வாயைப் பாக்காதீங்க, காஸைப் பாருங்க. புது ரத்தம் வந்தா வளர்ற சதையைப் பிய்ச்சிருக்கோம்னு அர்த்தம்.

கழுவுறது

கிளவுஸ் மாத்துங்க. சிரிஞ்ச்ல சலைனை இழுத்து புண்ணுக்குள்ள பீச்சுங்க, அப்புறம் காஸால நடுவுல இருந்து வெளிப்பக்கமா துடைங்க, ஒரு தடவை துடைச்ச காஸை திரும்ப உள்ள கொண்டு போகாதீங்க. சுத்தி இருக்கிற தோலையும் விரல் இடுக்கையும் ஒத்தி எடுத்து நல்லா காய வைங்க.

காஸ் வைக்கிறது. இங்கதான் நான் தப்பு பண்ணேன்

புண்ணை காத்தாட விடு, காஞ்சாத்தான் ஆறும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது சரியில்ல. 1962லயே ஜார்ஜ் வின்டர்னு ஒருத்தர் பன்னி தோல்ல பண்ணின ஆராய்ச்சியில மூடி ஈரமா வச்ச காயத்துல புதுத் தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா மூடுச்சு. புதுத் தோல் ஈரத்துல நகந்து வரும், பொருக்கு கட்டிட்டா அதுக்கு அடியில சுத்திக்கிட்டு வரணும். இதை படிச்சவதான் நான். அதனால நல்லா சொட்ட சொட்ட காஸை நனைச்சு, புண்ணையும் அதைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு தோலையும் மூடி வச்சு, மேல பேடு போட்டு கட்டினேன். மூணாவது நாள் பிரிச்சா புண்ணைச் சுத்தி தோலெல்லாம் வெள்ளையா ஊறிப்போய், ரொம்ப நேரம் துணி துவைச்ச கை மாதிரி சுருங்கிக் கிடக்கு, ஒரு ஓரத்துல கிழிஞ்சு புண்ணே பெருசாயிருக்கு. ரிவியூவுக்கு போனப்ப டாக்டர் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "காஸை பிழிஞ்சியாம்மா?"

பதினோரு வருஷம் சர்ஜிக்கல் வார்டுல எத்தனையோ கட்டு போட்டிருக்கேன். எனக்கு இது எப்படி தெரியாம போச்சுன்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். வார்டுல காலை டூட்டியில நான் போட்ட கட்டை மறுநாள் நான் பிரிக்கிறதில்ல. ஈவினிங், நைட், ஆஃப்னு மாறிக்கிட்டே இருக்கும், வேற சிஸ்டர் பிரிப்பாங்க, நான் வேற யாரோ போட்டதைப் பிரிப்பேன். முப்பது நாப்பது பேரை ஒரு டூட்டியில பாக்குறப்ப வெளுத்துப்போன தோலைப் பாத்தாலும் யார் எப்படி கட்டினாங்கன்னு கேக்க நேரம் இருக்காது. போட்ட கையே பிரிச்சாத்தான் தப்பு தெரியும். புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்ககிட்ட இப்ப நான் சொல்றது, நீ போட்ட கட்டு ஒண்ணையாவது மறுநாள் போய் நின்னு பாரு.

சரி, பண்ண வேண்டியது இதான். காஸை சலைன்ல நனைச்சு, இனி ஒரு சொட்டு கூட விழாதுங்கிற அளவுக்கு பிழியுங்க. அப்புறம் உதறி விரிச்சு பஞ்சு மாதிரி ஆக்கிக்கிட்டு குழிக்குள்ள மட்டும் லேசா நிரப்புங்க. திணிக்காதீங்க, இறுக்கி அடைச்சா உள்ள ரத்த ஓட்டம் போகாது. விளிம்பைத் தாண்டி தோல் மேல ஈரக் காஸ் படக் கூடாது. சுத்தி தோல்ல மெல்லிசா வேஸ்லின் தடவுங்க. ஒரே நீளமான துண்டா வச்சு வாலை வெளிய விடுங்க, ரெண்டு துண்டு வச்சா எத்தனைன்னு தேதியோட பிளாஸ்டர் மேல எழுதுங்க. உள்ளயே ஒரு துண்டு தங்கிட்டா மறுபடி சீழ் வைக்கும்.

மேல கட்டுறது

உலர்ந்த காஸ், மெல்லிசு பேடு, ரோலர். புண்ணுக்கு அடியில தலகாணி மாதிரி தடிமனா வச்சா அதுவே அந்த இடத்தை அழுத்தும். விரல் அடியில ஆரம்பிச்சு கணுக்கால் வரைக்கும் சுத்துங்க, விரல் நுனி தெரியணும். முடிச்சதும் நகத்தை அமுக்கி விடுங்க, ரெண்டு செகண்டுல நிறம் திரும்பலன்னா இறுக்கமா கட்டிட்டீங்க, அவுத்து கட்டுங்க.

கட்டு எவ்ளோ நல்லா இருந்தாலும் அந்தக் காலை ஊனினா ஆறாது. அப்பாவுக்கு பாத்ரூமுக்கு வாக்கர், மத்தபடி கட்டில்.

ஞாயித்துக்கிழமை தோறும் புண்ணு பக்கத்துல ஸ்கேல் வச்சு அதே கோணத்துல போட்டோ எடுங்க. நாலு வாரத்துல பாதியாவது சுருங்கலன்னா வீட்டுலயே கட்டிக்கிட்டு இருக்காம ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட போங்க.

சேத்தது 1: சலைன் சில்லுனு இருக்கேன்னு மலை மேல இருக்கிற ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. நல்ல கேள்வி, புண்ணு குளிர்ந்தா ஆறுறது மெதுவாகும். மூடின பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வைங்க. சூடு பாக்க உங்க மணிக்கட்டுல ஒரு சொட்டு விடுங்க, நோயாளி கால்ல பாக்காதீங்க, மரத்த கால் வெந்தாலும் தெரியாது. அந்தக் காலை சுடுதண்ணி பக்கெட்டுல வைக்கவும் கூடாது.

சேத்தது 2: அம்மாபேட்டையில இருந்து ஒரு தம்பி, அப்பாவுக்கு இதே மாதிரி புண்ணு, குழித்தறி நெய்யுறார், உக்காந்துதானே வேலை, போகலாமான்னு கேட்டார். இல்லப்பா. மிதிக்கட்டையை நாள் பூரா அந்தப் பாதத்தோட முன்பக்கத்தாலதான் மிதிக்கிறார், நடக்குறதுக்கு சமம் அது. கூலி போகும்னு எனக்கும் தெரியும், ஆனா இந்த சில வாரத்தை விட்டா விரல் போகலாம். பாவு சுத்துறது, நூல் பிரிக்கிறதுன்னு கால் படாத வேலை கிடைச்சா பாருங்க.

சேத்தது 3: பருப்பு சாப்பிட்டா சீழ் வைக்கும்னு சொல்றாங்களேன்னு நிறைய பேர் கேட்டீங்க. எங்க அம்மாவும் பதினஞ்சு நாள் அப்பாவுக்கு ரசஞ்சோறு மட்டும் போட்டிருக்காங்க. சதை வளர புரதம் வேணும், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் கொடுங்க. சீழ் வைக்கிறது கிருமியால, கூட சுகர் ஏறியிருந்தா இன்னும் மோசம். கிட்னி பிரச்னை இருக்கிறவங்க மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. சுகர் மாத்திரை தீந்துபோய் விட்டுடுறவங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற தமிழக அரசு திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்குறாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுங்க.

சேத்தது 4: அப்பா புண்ணு பதினோராவது வாரம் மூடிடுச்சு. ஆனா இப்படி ஆறினவங்கள்ல பத்துக்கு நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வருது, அதனால எம்.சி.ஆர் செருப்பு (சுகர்காரங்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு) இல்லாம வீட்டுக்குள்ளயும் நடக்க விடுறதில்ல. போடுறதுக்கு முன்னாடி செருப்பைக் கவுத்து தட்டி, உள்ள கை விட்டுப் பாக்கணும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா அவர் சவரம் பண்ற கண்ணாடியை உள்ளங்காலுக்கு கீழ பிடிச்சு, டார்ச் அடிச்சு, விரல் இடுக்கு வரைக்கும் பாத்துட்டுத்தான் படுக்குறாங்க.