அமெரிக்காவில் பண்ணைப் பங்கு: புதிதாகச் சேருபவர்களுக்கு

பனிக்காலத்திலேயே பக்கத்துப் பண்ணைக்குப் பணம் கட்டிவிட்டு, ஜூன் முதல் அக்டோபர் வரை விளைச்சலில் வாராவாரம் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் முறைக்கு இங்கே சி.எஸ்.ஏ. (Community Supported Agriculture, சமூக ஆதரவு வேளாண்மை) என்று பெயர். அமெரிக்காவில் இது 1986இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. விதை வாங்கும் நேரத்தில் விவசாயி கையில் பணம் இருக்கிறது. ஆலங்கட்டி மழையில் தக்காளி அழிந்தால் அந்த நட்டத்திலும் நமக்குப் பங்கு உண்டு. இதற்கு மனம் ஒப்பினால் மட்டும் சேருங்கள்.

1. சேருமுன் விசாரியுங்கள்

ஜனவரி, பிப்ரவரியில் கேட்பது நல்லது. இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அரைப் பங்கு போதும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் வாரங்களில் நண்பர் யாராவது பெட்டியை வாங்கிக்கொள்ளலாமா என்றும், இறைச்சிப் பங்கு தனியாக உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.

2. பெட்டி வந்த அன்றே பிரியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இந்த அரை மணி நேரம்தான் முக்கியம். முள்ளங்கி, பீட்ரூட், நூக்கல் எல்லாம் இலையோடு வரும். இலையை உடனே நறுக்கித் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்து, இரண்டே நாளில் கிழங்கைத் தொய்ய வைத்துவிடும். அந்த இலைகளைத் தயவுசெய்து எறியாதீர்கள். முள்ளங்கிக் கீரை பாசிப்பருப்புக் கூட்டுக்கு அருமையானது. நூக்கல் இலையின் நடுநரம்பை நீக்கிவிட்டு, பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம்.

கீரைகளை ஈரம் போகத் துடைத்து, காகிதத் துண்டு சுற்றி, பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி வகைகள் வெளியிலேயே இருக்கட்டும்.

3. பெட்டியைப் பார்த்துச் சமையலை முடிவு செய்யுங்கள்

முதலில் மென்கீரைகள், பிறகு பீன்ஸும் சோளமும், கடைசியில் முட்டைக்கோஸும் கேரட்டும். ஜூன் மாதம் பெரும்பாலும் கீரையாகவே வரும். அப்போது சலித்துக்கொள்ள வேண்டாம், ஆகஸ்டில் தக்காளி குவியும்.

ஜூனில் பச்சைச் சுருள்களாகப் பூண்டுத் தண்டும் வரும். பூண்டு மணம் நிறைய, காரம் குறைவு. இதற்குத் துவையலைவிடப் பொருத்தமான பக்குவம் வேறில்லை என்பேன். நுனியை நீக்கி நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை வாடை போக வதக்குங்கள். வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சிறிது புளி, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள்.

4. இறைச்சிப் பங்கு

உறைந்த பொட்டலங்களாகத் தருவார்கள். முந்தின நாளே எடுத்து, ஒரு தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக விடுங்கள். சமையல் மேடையில் வைக்கவே கூடாது. முழுக் கோழிக்கு ஒரு நாள் முழுவதும் பிடிக்கும். உருகிய கோழியையும் கொத்துக்கறியையும் இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

பங்கில் மென்மையான துண்டுகள் மட்டும் வராது. எலும்பும் தோள்கறியும் சேர்ந்தே வரும். குழம்பு வைக்கத் தெரிந்த நமக்கு அது நல்லதுதான். முட்டையிட்டு ஓய்ந்த கோழியைச் சில பண்ணைகள் 'ஸ்டூயிங் ஹென்' என்று குறைந்த விலைக்குத் தருகின்றன. கிடைத்தால் விடாதீர்கள். வறுத்தால் ரப்பராகிவிடும், குக்கரில் மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள் சேர்த்து, சிறு தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக விடுங்கள். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கும் அந்தச் சாறு, கடையில் வாங்கும் இளங்கோழியில் வராது. கறி எலும்பை விட்டு எளிதாகக் கழன்றால் இறக்கிவிடலாம். கழலாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள்.

5. மிஞ்சியதை உறைய வையுங்கள்

கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். ஒருவேளைச் சமையலுக்கு ஆகும் அளவாக உருட்டிப் பையில் போட்டு, தேதி எழுதுங்கள். தக்காளியைக் கழுவி முழுதாகவே உறைய வைக்கலாம். பின்னால் வெந்நீரில் காட்டினால் தோல் தானாக உரியும். நவம்பருக்குப் பிறகு ரசத்துக்கு இது போதும்.