ஏரியில் குளித்துவிட்டு வந்தவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து லாவோஸின் மேக்கோங் தீவுகளுக்கோ, உகாண்டா, தான்சானியா பக்கம் விக்டோரியா ஏரிக்கோ போய்வருகிறவர்களில் பலர், சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு நோய் நத்தையைத் தொட்டாலோ தின்றாலோ வருவது என்று நினைக்கிறார்கள். நத்தை இடைத்தங்கல் மட்டுமே. அதன் உடலில் பெருகும் புழுக்குஞ்சுகள் நன்னீரில் வெளியேறி, நீரில் இறங்கியவரின் தோலைச் சில நிமிடங்களிலேயே துளைத்துவிடுகின்றன. முழங்கால் அளவு நீரில் நின்றாலும் போதும். ஆகவே வாயை மூடிக்கொண்டு குளித்ததில் பயனில்லை. கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைத்ததையும் நம்பியிருக்க முடியாது. கடலிலும், முறையாகக் குளோரின் கலந்த நீச்சல் குளத்திலும் இந்த அச்சம் வேண்டாம். (நம் நாட்டுக்கும் இது முற்றிலும் அந்நியமல்ல: பகாங்கின் பூர்வகுடியினரிடம் காணப்பட்ட புழுவினத்துக்கு 1988-இல் மலேசியாவின் பெயரையே சூட்டினார்கள்.)

பெரிய தவறுகள் வீடு திரும்பிய பிறகே நடக்கின்றன. பிள்ளைகளுக்கு அவ்வப்போது கொடுக்கும் பூச்சி மாத்திரையை, அதாவது அல்பெண்டசோலை, ஆளுக்கொன்று விழுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது குடற்புழுக்களுக்கானது, இந்தப் புழுவோ குடலையும் சிறுநீர்ப்பையையும் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்வது. இதற்குரிய மருந்து, மருத்துவர் உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டுத் தரும் பிராசிகுவாண்டெல். அதையும் திரும்பிய வாரமே சாப்பிட்டு முடித்துவிட்டால் போதாது, ஏனெனில் வளர்ந்த புழுவைக் கொல்லும் அம்மருந்து இளம்புழுவிடம் அவ்வளவாக எடுபடாது. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: அவசரப்பட்டுச் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். கடைசியாக நீரில் இறங்கிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் செய்துகொள்வதே பொருத்தம்.

இடையில் காய்ச்சல், இருமல், தோல் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். காய்ச்சல் என்றாலே இங்கே டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். பயணம் முடிந்து சில வாரங்கள் ஆகிவிட்டதால் ஏரிக் குளியலைச் சொல்ல நோயாளிக்கும் தோன்றுவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

ஆப்பிரிக்க ஏரிகளுக்குப் போய்வந்தவருக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டால், உடம்புச் சூடு என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்து நாளைக் கடத்துவது எனக்கு எல்லாவற்றையும்விட ஆபத்தாகத் தெரிகிறது. கவனிக்காமல் விட்டால் ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்வரை போகக்கூடும். புழுவின் முட்டையைத் தேடும் சோதனைக்கு விடியற்காலைச் சிறுநீரைவிட, முட்டைகள் மிகுதியாக வெளியேறும் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் எடுத்ததே உகந்தது.