தொலைநோக்குப் பட்டறை: அறிக்கையைக் கரை சேர்ப்பது எப்படி

ஒரு துறை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஆய்வாளர்களே கூடிப் பேசி, அதை அறிக்கையாக்கி, நிதி தருபவர்கள் முன் வைப்பது அமெரிக்கக் கணினி ஆய்வுச் சமூகத்தில் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்.) நிதியில் 2006இல் தொடங்கிய கம்ப்யூட்டிங் கம்யூனிட்டி கன்சார்ட்டியம், சுருக்கமாக சி.சி.சி., இப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பணமும் ஆதரவும் தந்து வந்த அமைப்பு. அதே பாணியில் ஒரு பட்டறையைப் பொறுப்பெடுத்து நடத்துபவருக்கான குறிப்புகள் இவை.

அறிக்கையை யார் கையில் கொடுக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இடம், தேதி எல்லாம் அப்புறம். "ஆய்வுச் சமூகத்துக்கு" என்ற பதில் போதாது. எந்த நிதி அமைப்பில் எந்தப் பிரிவு, அவர்கள் அடுத்த திட்டத்தை எந்த மாதத்தில் வகுக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். திட்டம் வகுத்து முடிந்த மறுமாதம் வரும் அறிக்கை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓராண்டு அலமாரியில் உறங்கும்.

நன்றாகக் கரையேறிய ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்க ரோபாட்டிக்ஸ் வழிவரைபடத்துக்கான பட்டறைகள் 2008இல் நடந்தன. அறிக்கை 2009 மே மாதம் வந்தது, நாடாளுமன்றத்தில் ரோபாட்டிக்ஸில் அக்கறையுள்ள உறுப்பினர் குழுவின் முன் வைக்கப்பட்டது. 2011 ஜூனில் பிட்ஸ்பர்க் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்றைய அதிபர் ஒபாமா, ரோபாட் ஆய்வுக்கு அரசு நிதி தரும் தேசிய ரோபாட்டிக்ஸ் முனைப்பை அறிவித்தார். பட்டறையிலிருந்து பணம் வரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். உங்கள் கணக்கும் அப்படியே இருக்கட்டும். அந்த அறிக்கையின் அமைப்பையும் கவனியுங்கள். தொழிற்சாலை, மருத்துவம், சேவை என்று ரோபாட் பயன்படும் இடத்தை வைத்துத்தான் பெரும் பிரிவுகள். பார்வை, பிடிமானம், கற்றல் போன்ற நுட்பங்கள் அதற்கு அடியில், 5, 10, 15 ஆண்டு இலக்குகளாக வந்தன. நுட்பத்தின் பெயரில் அத்தியாயம் பிரித்தால் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் பெயரைத் தேடிப் படிக்கும். பயன்பாட்டின் பெயரில் பிரித்தால்தான் வெளியாள் படிப்பார்.

பட்டறைக்கு ஆறு மாதம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுங்கள். 1970களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதி அமைப்பான டார்பாவின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹைல்மையர் கேட்ட கேள்விகள்தான் இதற்கு இன்றும் நல்ல சல்லடை: துறைச் சொல் எதுவும் இல்லாமல் சொன்னால், என்ன செய்யப் பார்க்கிறீர்கள்? இன்று அது எப்படி நடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது? உங்கள் வழியில் புதிது என்ன? வென்றால் யாருக்கு என்ன மாறும்? எவ்வளவு பணம், எவ்வளவு காலம், இடையில் எதை வைத்துச் சோதிப்பது? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுவார்கள். உங்கள் குறிப்பைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திணறினால் அது அவர் குற்றமில்லை.

அழைப்புதான் பட்டறையின் உயிர். 30 முதல் 40 பேர் போதும். ஐம்பதைத் தாண்டினால் அது மாநாடு. பாதிப்பேர் உங்கள் துறை, கால்வாசி பக்கத்துத் துறைகள், மீதியில் தொழில்துறையினரும் பயன்படுத்துபவர்களும். மருத்துவம் பற்றிய பட்டறையில் ஒரு செவிலியராவது இல்லையென்றால், அறிக்கையில் வரும் மருத்துவமனை யாரும் பார்த்திராத மருத்துவமனையாக இருக்கும். நான்கில் ஒருவராவது பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவராக இருக்கட்டும். பதினைந்து ஆண்டு கழித்து வேலை செய்யப் போவது அவர்கள்தான். பெரிய பெயர்களை மட்டும் அழைத்தால் ஒவ்வொருவரும் தங்கள் அடுத்த மானியத்தையே தொலைநோக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நிதி அமைப்பின் அலுவலர் இரண்டு மூன்று பேரைப் பார்வையாளராக அழையுங்கள். அவர்களிடம் வாக்குறுதி எதிர்பார்க்க வேண்டாம், அவர்களால் தரவும் முடியாது.

வருபவர் ஒவ்வொருவரும் மூன்று வாரம் முன்பே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கண்டிப்பாக இருங்கள். அந்தப் பக்கங்களைப் படித்து, முரண்படும் இடங்களைக் குறித்து வைத்தால் பேச்சுப் பொருள் தானாகக் கிடைத்துவிடும்.

ஒன்றரை நாள் கூட்டம், அதன் பின் எழுதும் குழுவுக்கு மட்டும் அரை நாள். ஒரு பெரிய அறை, நான்கு சிறிய அறை, நகர்த்தக்கூடிய மேசைகள். முதல் காலையில் பத்து பத்து நிமிடமாக நான்கு பேச்சுக்கு மேல் வேண்டாம். பிறகு ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து 90 நிமிடம். ஒவ்வொரு குழுவுக்கும் எழுதுபவரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமியுங்கள். "யாராவது எழுதிக்கொள்ளுங்கள்" என்றால் கடைசியில் கையில் மிஞ்சுவது வெள்ளைப் பலகையின் மங்கலான புகைப்படம் ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் பெயர் அட்டைகளைக் கலைத்துப் போட்டு இடம் மாற்றுவது ஜெர்மனியில் கணினி ஆய்வாளர்கள் கூடித் தங்கிப் பேசும் டாக்ஸ்டூல் மையத்தின் கருத்தரங்குகளில் உள்ள வழக்கம். செலவில்லாத ஏற்பாடு. பழகியவர்கள் பழகியவர்களோடு ஒட்டிக்கொள்வதை இது ஒன்றே பாதி குறைக்கும்.

அறிக்கையின் முதல் வரைவு ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். எல்லாரும் ஊர் திரும்பிவிட்டால் பட்டறையின் சூடு இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அந்த அரை நாளில் அத்தியாயத் தலைப்புகளையும் ஒவ்வொன்றின் முதல் பத்தியையும் அங்கேயே எழுதி முடிக்கச் சொல்வது அதனால்தான். மொத்தம் 20 பக்கம், அதில் முதல் 2 பக்கம் தனியாகக் கிழித்துக் கொடுத்தாலும் புரிய வேண்டும்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? "பல்முக உணர்வித் தரவு ஒருங்கிணைப்பில் அடிப்படை ஆய்வு தேவை" என்று எழுதினால் எவரும் மறுக்க மாட்டார், எவரும் பணமும் தர மாட்டார். இப்படி எழுதிப் பாருங்கள்: "முன்பின் பார்த்திராத சமையலறையில், ஈரமான கண்ணாடித் தம்ளரை உடைக்காமல் எடுத்து வைக்கும் ரோபாட் கை, 10 ஆண்டுகளில். இன்று அது தடுமாறக் காரணம், ஆழம் அளக்கும் கேமராக்கள் கண்ணாடியை ஊடுருவி அதற்குப் பின்னால் உள்ளதைப் பார்த்துவிடுவதும், தம்ளர் நழுவத் தொடங்குவதை விரல் நுனி நேரத்தோடு உணராததும்." இலக்கு, கெடு, தடை மூன்றும் இதில் இருக்கின்றன. எட்டினோமா இல்லையா என்று பின்னால் சோதிக்கவும் முடியும். "கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும்" என்பதைப் பரிந்துரையாக எழுதாதீர்கள். எதற்கு, எந்த அளவில், எந்த வடிவில் என்பதுதான் பரிந்துரை: சிறு குழுக்களுக்கான மானியமா, எல்லாரும் பகிரும் சோதனைக்கூடமா, இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையா?

"தொழில் நிறுவனங்களே செய்துவிடுமே, அரசு ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். இதற்காகவே அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் 1995 அறிக்கையில் ஒரு படம் வந்தது. ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு வரி, அதில் டயர் தடம் போல நீளும் கோடுகள்: பல்கலைக்கழக ஆய்வு, தொழில்துறை ஆய்வு, சந்தைப் பொருள், பிறகு நூறு கோடி டாலர் தொழில். கோடுகளுக்கு நடுவே அங்குமிங்கும் அம்புகள். பல வரிகளில் ஆய்வின் தொடக்கத்துக்கும் பெரும் தொழிலுக்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டு. 2003இலும் 2012இலும் அதைப் புதுப்பித்தார்கள். அந்தப் படத்தை அப்படியே ஒட்டாதீர்கள். கேட்பவர் அதை ஏற்கெனவே பத்து முறை பார்த்திருப்பார். உங்கள் துறைக்கு ஒரே ஒரு வரியை, ஆண்டுகளைச் சரிபார்த்து, புதிதாக வரையுங்கள்.

வெளியிட்டதோடு வேலை முடியவில்லை. முதல் 2 பக்கத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் விளக்க இரண்டு பேரை முன்பே குறித்து வையுங்கள். அறிக்கையின் மூலக் கோப்புகளும் படங்களும் ஒருவரின் மடிக்கணினியில் தேங்கிவிடக் கூடாது. ரோபாட்டிக்ஸ் வழிவரைபடத்தை 2013இலும் 2016இலும் மறுபடி எழுதினார்கள். உங்களுடையதையும் நான்கைந்து ஆண்டில் யாராவது திருத்த உட்காருவார்கள், அவர் நீங்களாக இருக்க வேண்டும் என்றில்லை.