ஆறுதல் சொல்லப் போகுமுன்: சபையார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குருப்பட்டம் பெற்று முதல் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில்) பொறுப்பேற்ற சில மாதங்களில், சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். முற்றத்தில் பந்தல் போட்டு வாடகை நாற்காலிகளை விரித்திருந்தார்கள். உட்கார்ந்ததும், என்ன பேசுவதென்று தெரியாத தவிப்பில் வேதாகமத்தைத் திறந்து, ரோமர் 8:28-ஐ வாசித்து, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பதை விளக்கத் தொடங்கினேன். அந்த அம்மா தலையை நிமிர்த்தி, "அந்த நன்மை எனக்கு வேண்டாம் ஐயா, எம் பிள்ளையத் தரச் சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. சற்று நேரத்தில், எங்கள் சபையில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி தூக்குவாளியில் கஞ்சியும் கிண்ணத்தில் காணத் துவையலுமாக வந்து, அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, ஒன்றும் பேசாமல் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்து இரண்டு மடக்குக் கஞ்சி குடிக்க வைத்துவிட்டு, பின்கட்டில் குவிந்து கிடந்த பாத்திரங்களைத் துலக்கப் போய்விட்டார்.

வசனத்தில் குறையில்லை. நான் அதை வாசித்தது என் தவிப்பைத் தீர்த்துக்கொள்ளத்தான் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. ஆறுதல், ஊக்கம், ஊழியம் என்ற பெயர்களில் நாம் செய்கிற பிழைகள் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் இதே வேர்தான் தட்டுப்படுகிறது: போகிற வீட்டாரின் பாரத்தை இறக்குவதற்கு முன், நம்முடைய பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடுகிறோம்.

வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் மூன்று நண்பர்களை நாம் ஏளனமாகவே பேசிப் பழகியிருக்கிறோம். ஆனால், அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள்தான். நம்மில் எத்தனை பேரால் ஏழு நிமிடம் அப்படி இருக்க முடியும்? அவர்கள் கெட்டது வாயைத் திறந்த பிறகுதான். "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" என்று எலிப்பாஸ் கேட்கிறான். அந்தக் கேள்வி இன்றும் நம் ஊர்களில் வேறு உடுப்பில் உலவுகிறது: "குடும்ப ஜெபம் ஒழுங்கா நடந்துச்சா?", "தசமபாகத்தில் ஏதாவது விட்டுப்போச்சா?", "முன்னோர் செய்த பாவம் எதுவும் இருக்குமோ?" பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள், அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு அதை அங்கேயே முடித்துவைத்தார். அவர் முடித்துவைத்த விசாரணையை நாம் ஆஸ்பத்திரி வார்டில் மறுபடியும் திறப்பது எந்த வகையிலும் விசுவாசம் ஆகாது.

துக்கத்தில் இருப்பவரைச் சீக்கிரம் சிரிக்கவைக்க முயல்வதும் இதனோடு சேர்ந்ததே. "அழாதீங்க, அவர் கர்த்தரிடத்தில் சந்தோஷமாக இருக்கிறார்" என்று சொல்லி அழுகையை அடக்கப் பார்க்கிறோம். இறந்துபோன லாசருவை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்க, நாம் யாருடைய அழுகையைத் தடுக்க முடியும்? மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனைக் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 25:20. துட்டி வீட்டில் கிட்டாரும் ஒலிபெருக்கியுமாக வந்து இறங்கும் வாலிபர் குழுக்களுக்கு இந்த வசனத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர்களுக்கு என்மேல் கொஞ்சம் கோபமும் உண்டு.

மனம் சோர்ந்தவரைத் தேற்றுவது எப்படி என்று கேட்பவர்களை 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்துக்கு அனுப்புவது என் வழக்கம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக் கிடந்த எலியாவிடம் வந்த தூதன், "தீர்க்கதரிசி இப்படிச் சோரலாமா?" என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எங்கள் பாட்டியின் தூக்குவாளிக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி எனக்குத் தெரியாது.

சில தவறுகள் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியவை. ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று சர்க்கரை நோயாளியிடமோ மனநோய்க்கு மருந்து எடுப்பவரிடமோ சொல்வது அவற்றில் முதலாவது. அப்போஸ்தலனான பவுலோடு பயணம் செய்தவர்களில் ஒருவனான லூக்கா வைத்தியன். தன் கூட்டாளி துரோப்பீமுவை வியாதியுள்ளவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுத பவுல் கூச்சப்படவும் இல்லை. வேலூர் மருத்துவமனையின் கதையும் இதைத்தான் சொல்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் ஆண் மருத்துவரின் உதவியை வீட்டார் ஏற்காததால் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், இரக்கத்தோடு நின்றுவிடாமல் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். இரக்கம் படிப்பாக மாறுவதற்கு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளும் ஊழியத்தில் சேர்ந்தவையே.

பொருளாகக் கொடுக்கும் உதவியில் நடக்கும் பிழைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரிபவை. 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம் பக்கத்தில் பழைய துணிகள் சாலையோரம் மூட்டை மூட்டையாகக் கேட்பாரற்றுக் கிடந்தன. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் வீட்டு அலமாரியைக் காலிசெய்வதும் அங்கே உள்ளவர்களின் தேவையைக் கேட்பதும் வேறுவேறு காரியங்கள். வலையும் படகும் இழந்த மீனவர் குடும்பத்துக்குச் சாயம்போன கால்சட்டை எதற்கு? எருசலேமின் ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டபோது, அப்போஸ்தலர்கள் தாங்களாகவே ஒரு பட்டியல் போட்டுக்கொடுக்காமல், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே இருப்பதைக் கவனித்தால், குறை சொன்னவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

அரிசிப் பையை நீட்டும் கையோடு சுவிசேஷக் கைப்பிரதியையும் நீட்டாதீர்கள் என்று நான் சொல்லும்போது சபையில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேருடைய சுகத்தையும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பசித்தவன் வாங்கும்போது அதற்கு ஈடாக ஒரு தலையாட்டலை எதிர்பார்த்தால், அது தர்மம் என்ற பெயரில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். வாங்குபவரை பேனருக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். வலதுகையும் இடதுகையும் பற்றிய மத்தேயு 6:3 இருக்க, அதற்கு மேல் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று உண்டு; இதை நானும் பல ஆண்டுகள் செய்தேன். அடக்க ஆராதனை முடிந்து, மூன்றாம் நாள் ஜெபமும் முடிந்து, பந்தலைப் பிரித்ததும் நாம் அந்த வீட்டை மறந்துவிடுகிறோம். துக்கமோ, வாடகை நாற்காலிகள் போன பிறகுதான் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. மூன்றாவது மாதத்தில், சம்பளக் கடிதத்தையோ வங்கிப் புத்தகத்தையோ எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் விதவைக்குத் துணையாக ஒருவர் போவது, முதல் நாளில் ஐம்பது பேர் வந்து உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய உதவி. ஆகவே இறந்தவர்களின் பிறந்தநாள்களையும் நினைவு நாள்களையும் ஒரு டைரியில் குறித்துவைக்க ஆரம்பித்தேன்.

அந்தத் தாயின் மகனுடைய பிறந்தநாளும் அதில் இருந்தது. விபத்து நடந்த மறு ஆண்டு, அந்த நாளில், வேதாகமத்தை பைக்கின் பெட்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து, மகன் நீச்சல் பழகியது, பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியது, முதல் சம்பளத்தில் அவருக்கு வாங்கிக் கொடுத்த சேலை என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வாசலுக்கு வந்து வண்டியை எடுக்கும்போது, "ஐயா, ஜெபம் பண்ணாமப் போறீகளே" என்று கூப்பிட்டார்.